படத்தின் ஓரம்

கணவனின் முதுகை அவள் நேராகப் பார்த்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலருகே இருபத்துநாலு மணி நேரமும் இருந்துகொண்டு இது என்ன கூத்து என்று கேட்பவர்கள் அந்த அறையை வந்து பார்க்க வேண்டும். கட்டிலைப் போட்டதும் மீதி இருந்த இடத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான். கட்டிலின் வலதுபக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விளங்காமல் போன மனிதர், வலது கையால் இடதுபக்கக் கம்பியைப் பிடித்து இழுத்து அவள் பக்கமாகத்தான் புரள முடியும். அப்படிப் புரண்டால் முகம் அவளுக்கு, முதுகு சுவருக்கு. அந்த முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடிகிற இடத்தில், படுத்துப் படுத்தே வந்த புண் ஒன்று இருந்தது.

அதைப் பார்ப்பதற்கு ஆந்தை இருந்தது. ஆந்தை என்றால் கேமரா. சட்டைப்பையில் அடங்குகிற பழைய டிஜிட்டல் கேமரா. லென்ஸ் உள்ள பகுதி தனி, திரை உள்ள பகுதி தனி, இரண்டுக்கும் நடுவே ஒரு கழுத்து. திரையை நம் பக்கம் வைத்துக்கொண்டே லென்ஸை மட்டும் மேலே, கீழே, பின்னே என்று எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். உடம்பு அசையாமல் தலை மட்டும் சுற்றுவதால் அவர்தான் அதற்கு ஆந்தை என்று பெயர் வைத்தார்.

ஒன்று விட்டு ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, கட்டு மாற்றும் வேலை. அவர் கம்பியைப் பிடித்துப் புரண்டு படுத்திருப்பார். அவள் முக்காலி மேல் ஏறிக்கொண்டு, அவர் இடுப்பின் மேல் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஆந்தையை உட்காரவைத்து, அதன் தலையை அந்தப் பக்கம் கீழே குனியவைப்பாள். திரை அவளைப் பார்க்கும், லென்ஸ் புண்ணைப் பார்க்கும். பிறகு இரண்டு கைகளையும் அவருக்கு அந்தப் பக்கம் நீட்டி, திரையில் தெரிகிற தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுசு ஒட்டுவாள். கழுவி முடித்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். பிற்பாடு அந்தத் திரையையே ஃபோனில் படம் பிடித்து நர்ஸம்மாவுக்கு அனுப்புவாள். நர்ஸம்மா மாதம் ஒருமுறைதான் நேரில் வருவார். மற்றபடி எல்லாம் படத்திலேயே. நேராக ஃபோனிலேயே எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் ஃபோனைப் படுத்திருக்கிற ஆளுக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துப் பிடித்துப் பார்க்கட்டும். திரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு, ஆல்டர் வேலையும் ஜாக்கெட்டும் தைப்பவள். அதனால் புண்ணின் அளவை அவள் பட்டனில்தான் சொல்லுவாள். ஐந்து மாதம் முன்பு கோட்டுப் பட்டன். மருந்தை மாற்றியபின் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், சட்டைப் பட்டன் அளவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் முக்காலியில் நின்றபடியே சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிக்கறே?"

"சட்டைப் பட்டன்ங்க. அதுவும் குழந்தைச் சட்டைப் பட்டன்."

"காட்டு."

ஆந்தையை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். முன்னறையில், மிஷினுக்குப் பக்கத்தில், மடித்து வைத்த சக்கர நாற்காலி ஒன்று இருந்தது. புண் மூடினால் அதில் உட்காரலாம் என்பது நர்ஸம்மாவின் வாக்கு. உட்கார்ந்தால் முன்னறை ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தெரு, வண்டி, மனிதர்கள். பதினோரு மாதமாக அவர் பார்த்தது கூரையும் அவள் முகமும்தான்.

"அப்ப இன்னும் ஒரு மாசம்" என்றார்.

"ஒரு மாசம்கூட ஆகாது" என்றாள் அவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த வாரமே புண் திரும்பிக்கொண்டது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டைப் பட்டன் மறுபடி கோட்டுப் பட்டன் ஆயிற்று, அதற்கடுத்த வாரம் அதையும் தாண்டியது. பிறகு அதற்குச் சமமான பட்டன் எந்தக் கடையிலும் இல்லை. நாற்றமும் வேறு தொடங்கியிருந்தது. மருந்தின் வாசனை என்று சொல்லிவைத்தாள்.

"காட்டு" என்று அவர் கேட்டார்.

ஆந்தையின் பின்னால் இருந்த அம்புக்குறிப் பட்டனைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே போனாள். குழந்தைச் சட்டைப் பட்டன் வந்ததும் நிறுத்தி, அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றார்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல" என்றாள். ஒரு நாளைக்குத்தானே, அடுத்த தடவை உண்மையிலேயே குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவையும் அதே படத்தைக் காட்டினாள். ஆறு வாரமாக அதே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

யாரிடம் இந்த வேலை காட்டினாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, நசுங்கிய வண்டி எல்லாவற்றுக்கும் அடியிலும் இடுக்கிலும் இந்த ஆந்தையை விட்டுப் படம் எடுத்து, சேதம் நிஜமா, சோடனையா என்று எழுதிக் கொடுத்தவர். ஊரே அவர் காதில் பூச்சுற்றப் பார்த்தது, ஒருவராலும் முடியவில்லை. பழைய காயத்தின் படத்தைப் புது விபத்து என்று கொண்டுவருவார்கள். அவர் காயத்தையே பார்க்க மாட்டார். ஒருமுறை ஒருவன் நேற்று இடித்தது என்று கார் கதவின் படத்தை நீட்டினான். அதன் மூலையில் விரலகலம் தெரிந்த கடை ஷட்டர் பச்சை நிறத்தில் இருந்தது. அந்தக் கடைக்காரன் ஷட்டருக்குச் சிவப்பு அடித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"பொய் சொல்றவன் நடுவை மட்டும்தான் பாத்துக்குவான். ஓரத்தை மறந்துடுவான். நான் ஓரத்திலேருந்துதான் ஆரம்பிப்பேன்" என்பார், சாப்பிட்டுக்கொண்டே. அவள் சிரிப்பாள். பாவம் அந்தக் கார்க்காரன் என்பாள்.

அத்தனையும் கேட்டு வாழ்ந்தவள்தான் இதைச் செய்தாள். ஆனால் அவளும் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை. படத்தில் தேதி விழுமே என்று முதல் நாளே பார்த்தாள். ஆந்தைக்கு உள்ளே இருந்த சின்ன பாட்டரி செத்துப்போய் வருடக்கணக்காகிறது. எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரே ஜனவரி ஒன்றாம் தேதிதான். தேதி காட்டிக் கொடுக்காது என்று தெரிந்ததும், இருபத்தாறு வருட சர்வேயரையே ஏமாற்றிவிட்டதாக அவளுக்கு ஓரத்தில் ஒரு சின்னத் திருப்தி கூட இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவள் கூசிப்போனாள்.

நர்ஸம்மாவுக்கு மட்டும் நிஜப் படங்களை அனுப்பினாள். அங்கே பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மாவின் அழைப்பு வந்தது. அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஸ்பீக்கரில் போட்டால்தான் அந்த ஃபோனில் குரல் கேட்கும்.

"காலையில நீங்க அனுப்பின படத்தைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். அடியில வெள்ளையா தெரியுதில்ல, அது சீழ் இல்லம்மா. எலும்பு."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"இனிமே வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. திங்கக்கிழமை காலையில வண்டி அனுப்பறோம். ஒரு ஆறு வாரமாவது இங்க படுக்கணும். எலும்புல இறங்கினது ரத்தத்துல கலந்துடுச்சுன்னா அப்புறம் யாராலயும் எதுவும் பண்ண முடியாது."

"அவரு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேம்பாரும்மா."

"நல்லாப் பேசறாரு, எல்லாம் புரியுதுல்ல அவருக்கு?"

"நம்ம எல்லாரையும்விட நல்லாப் புரியுது."

"அப்படின்னா அவரு சம்மதிக்காம நாங்க தூக்கிட்டு வர முடியாது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நீங்க சொன்னா கேப்பாருல்ல?"

நர்ஸம்மா நல்லவர். முப்பது வருடம் குடித்தனம் நடத்திய பெண்ணுக்குக் கணவன் சொன்னால் கேட்பானா என்பது தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்.

ஆஸ்பத்திரி என்றாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் இருந்தது. பக்கவாதம் வந்த புதிதில் ஒன்பது வாரம் வார்டில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஒரு காலையில் கண் விழித்தால் திரையை விலக்கி, அந்தக் கட்டிலின் ரெக்ஸினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்து மணிக்கு அதில் வேறொருவரைப் படுக்கவைத்தார்கள். அன்றைக்கு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. துடைக்கிற கட்டில்ல நான் சாகமாட்டேன்" என்றார். அவள் சரி என்றாள். அதுவும் அவள் கொடுத்த வாக்குதான்.

ஃபோனை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாரு, நர்ஸம்மாவா?"

"ஆமா. திங்கக்கிழமை ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கறதுக்கு."

"ஆறிக்கிட்டு வர்ற புண்ணைப் போய் எதுக்குக் காட்டணும்?" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டே. "நீதானே காட்டறே, சட்டைப் பட்டன் அளவுக்கு வந்துடுச்சுன்னு. இன்னும் பத்து நாள்ல மூடிக்கும். அதுக்கு வண்டி எதுக்கு, ஆளு எதுக்கு?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆறு வாரமாக அவளே கையால் ஊட்டி வளர்த்த நியாயம் அது; இப்போது எழுந்து வந்து அவளுக்கு எதிரே வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவரைப் போகச் சொல்ல வேண்டுமானால் புண்ணைச் சொல்ல வேண்டும். புண்ணைச் சொன்னால் ஆறு வாரத்தையும் சொல்ல வேண்டும்.

முன்னறைக்குப் போனாள். தைத்து வைத்திருந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தாள். அவள் அழுவாள், அழுகிறவளைச் சமாதானப்படுத்துவது இன்னொரு வேலையாகும். திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. வேறு வழியே தெரியாமல் ஆந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இதைப் பாருங்க" என்று காலையில் எடுத்த படத்தை அவர் முன்னால் பிடித்தாள். "இதுதான் நிஜம். இத்தனை நாளும் உங்களுக்குக் காட்டினது பழைய படம். நான் பொய் சொல்லிட்டேன். திட்டறதுன்னா திட்டிக்குங்க. ஆனா திங்கக்கிழமை வண்டியில ஏறிடுங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டில் கம்பியைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். நடுவில் இருந்த அந்தக் குழியைப் பார்த்து அவருக்கு மூச்சு நின்றுவிடும் என்று அவள் பயந்தாள்.

"கோடு போட்ட விரிப்பு" என்றார் அவர்.

"என்னது?"

"இதுல ஓரத்துல கோடு போட்ட விரிப்பு தெரியுது. இப்ப நான் படுத்திருக்கறது. நீ காட்டற படத்துல நீலம். நீலம் கிழிஞ்சுபோச்சு, எடுத்து வச்சுட்டேன்னு நீதான் சொன்னே, ஒன்றரை மாசம் முன்னாடி."

அவள் பிறந்ததிலிருந்து துணியோடு புழங்கியவள். நூலைத் தொட்டு எந்த மில் என்று சொல்லுகிறவள். எல்லாவற்றையும் பார்த்தாள், தேதியைக்கூடப் பார்த்தாள். கண்ணெதிரே இருந்த துணியைப் பார்க்கவில்லை.

"முதல் தடவையே தெரியுமா?"

"ரெண்டாவது தடவை. முதல் தடவை நீலம்தானே விரிச்சிருந்தே."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"நீ முக்காலியில ஏறி அந்தத் திரையைப் பாக்கறப்ப, நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வேற எங்க பாக்க முடியும்? அதுலயே எனக்கு எல்லாம் தெரிஞ்சுடும். அப்புறம் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டுவே. அந்த ஒரு நிமிஷம் மட்டும் உன் மூஞ்சி கொஞ்சம் சரியாகும். அதையும் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இருபத்தாறு வருஷத்துல தெரிஞ்சே பாஸ் பண்ணி விட்ட ஒரே கேஸ் இதுதான்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அழுகையின் நடுவே ஒரு நம்பிக்கையும் எட்டிப் பார்த்தது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் தடையாக இருந்த பொய் போய்விட்டது. இனி என்ன இருக்கிறது?

"அப்ப திங்கக்கிழமை போயிடலாம்ல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இல்ல."

"எலும்பு தெரியுதுங்க."

"தெரியுது. நானும்தான் பாத்தேன்."

"ரத்தத்துல கலந்துடும்ங்கறாங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நம்ம சமையலறை என்ன பக்கத்து ஊர்லயா இருக்கு?"

"அப்புறம் ஏங்க?"

"நான் வரல. அவ்வளவுதான். நீ என்னை ஏமாத்தினதால வரமாட்டேன்னு சொல்லல. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவள் கெஞ்சினாள். தபால்காரருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்காது என்றாள். மகளைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினாள். எனக்காக என்றாள். அதற்கு மட்டும் அவர், "உனக்காகத்தான் அன்னிக்கு ஒன்பது வாரம் இருந்தேன்" என்றார். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. இத்தனை நாளும் தன் பொய்தான் அவரை இந்தக் கட்டிலில் கட்டிப்போட்டிருக்கிறது, அதை அவிழ்த்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அவிழ்ப்பதற்கு அவள் கையில் எதுவுமே இல்லை. ஞாயிறு முழுக்க அவரோடு அவள் பேசவில்லை. வேளைக்கு ஊட்டினாள், துடைத்தாள், புரட்டினாள், பேசவில்லை. அவரும் வாயைக் கிண்டவில்லை.

திங்கட்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேருக்கும் அறைக்குள் சேர்ந்து நிற்க இடமில்லை. ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில். அவர் அவர்களுக்கு வணக்கம் சொன்னார், வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், திருப்ப இடம் இருந்ததா என்று விசாரித்தார், பிறகு வர விருப்பமில்லை என்றார். அதற்கு ஒரு தாள் இருந்தது. அதைக் கையில் வாங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடாமல் படித்தார். அவள் மட்டும் உள்ளே நின்றவரைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள். அந்த ஆளுக்குத் தோள் அகலம் அறையளவு இருந்தது. அந்த ஆளும் தரையைப் பார்த்தார். சர்வேயர் வலது கையால் கையெழுத்துப் போட்டார். வண்டி போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மணி பத்தேகால் ஆகியிருந்தது. பதினோரு மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும்.

"ஏம்மா" என்றார் அவர்.

அவர் கஞ்சி குடித்த டம்ளரை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரோடு பேசாதவள், "என்ன" என்று கேட்டாள்.

"அந்த நீல விரிப்பு எங்க?"

"அலமாரியில கிடக்கு. கிழிஞ்சதுன்னு சொன்னேன்ல."

"ஒட்டுப் போட்டு எடுத்துட்டு வாயேன்."

"இப்ப எதுக்கு அது?"

"அதை விரி" என்றார். "படத்தோட ஒத்துப்போகட்டும்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. டம்ளரைச் சுவரில் எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. முன்னறைக்குப் போய், அலமாரியிலிருந்து நீல விரிப்பை இழுத்து, நடுவில் சாண் நீளம் கிழிந்திருந்த இடத்துக்கு அதே நீலத்தில் துணி தேடினாள். இல்லை. வேறொரு நீலத்தை வெட்டி வைத்து, மிஷினில் கொடுத்து ஓட்டினாள். மிதிக்கும்போது பக்கத்தில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலி லேசாக அதிர்ந்தது. தையல் கோணலாகத்தான் வந்தது. பிரித்து மறுபடி தைத்தாள்.

அவரைப் புரட்டி, கோடு போட்டதை உருவி, நீலத்தை விரித்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முன்பு அந்தக் கை இறுக்கிப் பிடித்தால் கட்டிலே இழுபடும். இன்றைக்கு விரல்கள் இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை பிடித்தன. உடம்பு சுட்டது. அவள் முக்காலியில் ஏறி, துண்டைச் சுருட்டி வைத்து, ஆந்தையின் கழுத்தைத் திருப்பினாள். திரையில் புண் தெரிந்தது, அதைச் சுற்றி நீலம் தெரிந்தது. தன் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இன்றைக்கு அவளுக்குத் தெரியும். முகத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கழுவினாள், மருந்து வைத்தாள், ஒட்டினாள். நர்ஸம்மாவுக்கு அனுப்ப ஒரு படமும் எடுத்தாள்.

"காட்டு" என்றார்.

அவள் அம்புக்குறிப் பட்டனைப் பின்னோக்கி அழுத்தினாள். இருபதுக்கும் மேற்பட்ட படங்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். குழந்தைச் சட்டைப் பட்டன் வந்ததும் நிறுத்தி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் பார்த்தார். எப்போதும் மூலையில் ஆரம்பிக்கிற கண்கள் இந்த முறை அந்தப் பக்கமே போகவில்லை; நேராக நடுவில் போய் நின்று, அங்கேயே இருந்தன.

"குறைஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "நல்லாக் குறைஞ்சிருக்கு."